துப்பறியும் கதைகளைத் தொகுத்தலின் அருமை

தொகை நூல் தமிழுக்குப் புதியதன்று. 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 அடி வரை நற்றிணை, 13 முதல் 31 அடி வரை அகநானூறு என்று அடியளவு கொண்டு தொகுத்தனர் முன்னோர். துப்பறியும் சிறுகதைகளுள் சிறந்தனவற்றைத் தொகுக்கப் புகுவோர்க்கோ அத்தகைய அளவுகோல் எதுவும் கிட்டுவதில்லை.

அமெரிக்காவில் இவ்விடர் ஓரளவு குறைவு. 1920இல் தோன்றிய 'பிளாக் மாஸ்க்' இதழே 'ஹார்ட்பாயில்டு' எனப்படும் முரட்டுத் துப்பறியும் கதைகளின் விளைநிலம். துப்பறியும் நிறுவனமொன்றில் பணியாற்றிய டாஷியல் ஹாமெட் அதில் எழுதினார். ரேமண்ட் சாண்ட்லர் பின்தொடர்ந்தார். 1926 முதல் 1936 வரை அதன் ஆசிரியராயிருந்த ஜோசப் ஷா, 1946இல் அவ்விதழ்க் கதைகளைத் தேர்ந்து ஒரு தொகுதியாக்கினார். இதழ் ஒன்று, தேர்ந்தவரும் ஒருவர். எல்லை தெளிவாயிருந்தது.

தமிழின் நிலை வேறு. 1894இல் நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் காவல் நிபுணனைப் படைத்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவினார். ஜே.ஆர். ரங்கராஜு கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் உலவவிட்டனர். தேவனின் சாம்பு அறிவால் அன்றி நற்பேற்றால் வென்றவர். தமிழ்வாணனின் சங்கர்லால் ஒழுக்கத்தின் உருவம். சுஜாதாவின் 'நைலான் கயிறு' (1968) வழி வந்த கணேஷ் வழக்கறிஞர். இவருள் முரட்டுத் துப்பறிவாளர் எவர்?

இடர்கள் மூன்று. முதலாவது வடிவம்: தமிழ்த் துப்பறியும் கதைகளுள் பெரும்பாலன தொடர்கதைகளும் மாத நாவல்களுமே, சிறுகதை குறைவு. இரண்டாவது தழுவல்: எது ஆசிரியருடையது, எது மூலத்தினது எனப் பிரித்தல் அரிது. மூன்றாவது அளவு: ராஜேஷ்குமார் ஒருவரே ஆயிரத்திற்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். பேருந்து நிலையக் கடையில் வாங்கிப் பயணம் முடிந்ததும் விடப்பட்ட இதழ்களைப் பேணியோரும் சிலரே. 2008இல் ப்ரீதம் சக்கரவர்த்தி மொழிபெயர்க்க, ராகேஷ் கன்னா பதிப்பிக்கச் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கிலத் தொகுதியில் 10 எழுத்தாளர்களின் 17 கதைகள் இடம்பெற்றன. அங்கும் துப்பறியும் கதைகள் காதல் கதைகளோடும் அறிவியல் புனைகதைகளோடும் கலந்தே நின்றன.

ஆயின் அளவுகோல் நம் மண்ணிலேயே கிடைத்தல் கூடும். முரட்டுத் துப்பறியும் கதை அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் (1920–1933) வளர்ந்தது. கள்ளச் சாராயத்தால் பொருள் குவித்தோரையும் அவர்க்குத் துணைபோன அதிகாரத்தையும் அக்கதைகள் காட்டின. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937இல் நடைமுறைக்கு வந்தது, கல்வராயன் மலையின் ஒரு பகுதியைத் தன்னகத்தே கொண்ட சேலம் மாவட்டத்தில்தான். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. ஊறல் போட்ட மலைவாசியைப் பிடித்தவுடன் முடிந்துவிடும் கதை சிறந்த கதையாகாது. பயனடைந்தவர் யாவர், கண்மூடியிருந்தவர் யாவர் என்று மேலேறிச் செல்லும் கதையே சிறந்தது.

இவ்வளவுகோலை ஏந்தினால் தமிழில் தேறுவன மிகச் சிலவே. புதிர் அவிழ்வதில் காட்டிய நாட்டத்தை நம் எழுத்தாளர் பலர் குற்றத்தின் வேரில் காட்டவில்லை. தொகுப்பாளரின் இடர் தேர்தலில் மட்டும் இல்லை; எழுதப்படாதவற்றின் வெற்றிடத்திலும் உள்ளது. அவ்வெற்றிடத்தை நிரப்பும் எழுத்து இம்மலையடிவாரத்திலிருந்தே எழுதல் தகும்.