தாம்பத்திய உறவுக்குப் பின் இரத்தம் கசிந்தால்: காரணங்களும் பரிசோதனைகளும்

மாதவிடாய் நாள் அல்ல. ஆனாலும் தாம்பத்திய உறவுக்குப் பின் இரத்தம் தெரிகிறது. நம் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் முதலில் எழும் கேள்வி, "தொழலாமா, கூடாதா?" என்பதுதான். ஆலிமாவிடம் கேட்டுத் தெளிவு பெற்றதும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. "இரத்தம் ஏன் வந்தது?" என்ற அடுத்த கேள்வியைப் பலரும் கேட்பதில்லை.

மார்க்கச் சட்டத்தைப் பொறுத்தவரை, ஹைளும் நிஃபாஸும் அல்லாத இரத்தம் இஸ்திஹாளா ஆகும். அது தொழுகையைத் தடுக்காது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு நிற்காமல் வந்த உதிரப்போக்கைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து கேட்டார்கள். வெட்கப்பட்டு மறைக்கவில்லை. சட்டத்தோடு இந்தப் பாடத்தையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்ன காரணங்கள்?

பெரும்பாலும் காரணம் சாதாரணமானதாகவே இருக்கும்.

• பிறப்புறுப்பு வறட்சி: மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் தோல் மெலிந்து உராய்வில் கசியும்.
• கிருமித் தொற்று: கருப்பை வாயில் அழற்சி ஏற்படும். வெள்ளைப்படுதல், துர்நாற்றம், அடிவயிற்று வலி உடன் இருக்கலாம்.
• கருப்பை வாயின் உட்பக்கத்து மென்மையான படலம் வெளியே தெரிவது: கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் சகஜம். பெரும்பாலும் ஆபத்தில்லை.
• பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி: பொதுவாகத் தீங்கற்றது, எளிதில் அகற்றலாம்.
• கருப்பை வாய்ப் புற்றுநோய், அல்லது அதற்கு முந்தைய நிலை: மற்றவற்றைவிடக் குறைவாகவே காணப்படும். ஆனால் இந்த நோயின் முதல் அறிகுறியே உறவுக்குப் பின் வரும் இரத்தமாக இருக்கலாம். வலியே இருக்காது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டதாகவும், ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் அதனால் இறந்ததாகவும் உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ் நீண்டகாலம் உடலில் தங்குவதால் இந்நோய் வருகிறது. பொதுவாக அது புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். எனவே இதை வைத்துக் கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகிப்பது அநியாயம்.

என்ன பரிசோதனைகள்?

இரத்தம் எப்போது, எவ்வளவு வந்தது, கடைசி மாதவிடாய்த் தேதி, சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். கர்ப்பம் உண்டா என்று முதலில் சிறுநீரில் பார்ப்பார்கள். பிறகு ஒரு சிறு கருவியால் கருப்பை வாயை நேரில் பார்ப்பார்கள். இதுதான் முக்கியமான பரிசோதனை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தேவைப்பட்டால் தொற்றுக்கான மாதிரி, பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனை எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் கால்போஸ்கோப் மூலம் பெரிதாக்கிப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. வயிற்று ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதால் கருப்பை வாயும் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. அதேபோல், "கர்ப்பப்பையில் புண்" என்று சொல்லிக் கர்ப்பப்பையையே எடுக்கச் சொன்னால், இந்தச் சோதனைகள் முடிந்தனவா என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

எங்கே செல்வது?

அதியமான்கோட்டை போன்ற ஊர்களில் உள்ளவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். மேல் பரிசோதனைக்கு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

எளிய பரிசோதனை உயிர் காக்கும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெள்ளையாக மாறும் இடம் உண்டா என்று பார்த்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியானது. ஆகவே 30 வயதைக் கடந்த பெண்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

கர்ப்பமாக இருக்கும்போது கசிந்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்குப் போனாலோ, மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு வந்தாலும் சில நாட்களுக்குள் காட்டிவிடுங்கள். மற்றவர்களும், மீண்டும் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். காரணம் தெரியும்வரை உறவைத் தவிர்ப்பது நல்லது.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனைவி இதை உங்களிடம்தான் முதலில் சொல்ல முடியும். கோபமோ கேலியோ காட்டினால் அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். கூடவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உறவின் மூலம் பரவும் தொற்று என்றால் இருவரும் சேர்ந்தே மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். வெட்கம் ஈமானில் உள்ளது. ஆனால் நோயை மறைத்து உயிரை ஆபத்தில் தள்ளுவதை மார்க்கம் நம்மிடம் கேட்கவில்லை.