டிரில் மாஸ்டர் முதல் உடற்கல்வி இயக்குநர் வரை: செங்கல்பட்டுச் சீமையில் ஒரு கல்லூரிப் பதவியின் வரலாறு

வேதியியல் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிப்பவரை யாரும் ஓடிக்காட்டச் சொல்வதில்லை. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு வருபவர் ஓட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைப்படி, முப்பது வயது வரையுள்ள ஆண் 12 நிமிடங்களில் 1800 மீட்டரைக் கடக்க வேண்டும். நாற்பது வரை 1500, நாற்பத்தைந்து வரை 1200, ஐம்பது வரை 800 மீட்டர். பெண்களுக்கு 8 நிமிடங்கள். வயதுக்கேற்ப 1000 மீட்டரில் தொடங்கி 400 வரை இறங்கும். இவற்றோடு முதுகலைப் பட்டமும், விளையாட்டு வீரராகப் போட்டிகளில் பங்கேற்ற சான்றும் தேவை. இந்தச் சீமையின் உத்திரமேரூர்க்காரர்களுக்கு வயதோடு சேர்த்துத் தகுதி பார்க்கும் வழக்கம் புதிதல்ல. அவ்வூரிலுள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினருக்கான வயது கி.பி. 919இல் 30 முதல் 60 என்று இருந்தது, 921இல் 35 முதல் 70 என்று திருத்தப்பட்டது. நல்லவேளை, அவர்களை யாரும் ஓடச் சொல்லவில்லை.

படிப்பும் ஓட்டமும் ஒருவரிடமே எதிர்பார்க்கப்படும் இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இப்பதவி ஆசிரியர், பயிற்சியாளர் என்ற இரு வேலைகளை ஒன்றாக்கி உருவானது. பின்வந்த நிறுவனங்கள் சான்றிதழ் வழியே அவற்றைப் பிரித்தன. ஆனால் உத்திரமேரூர் போன்ற ஊர்களின் மைதானங்களில் அந்தப் பிரிவினை நடைமுறைக்கு வரவேயில்லை.

1920க்கு முன் நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்தான் பல இடங்களில் டிரில் மாஸ்டர். வரிசை, சல்யூட், கை கால் அசைவு, அவ்வளவுதான். ஊரில் சடுகுடு இருந்தது, சிலம்ப ஆசான்கள் இருந்தார்கள். பள்ளிக்கூட மணிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மற்ற ஆசிரியர்கள் டிரில் மாஸ்டரைத் தங்களுக்குச் சமமாக நினைத்ததில்லை. அவருடைய சம்பளமும் அதையே சொன்னது.

இந்த நிலையை மாற்றியவர் ஹாரி க்ரோ பக். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1884இல் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தார். 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியது அந்தக் கல்லூரியில்தான். பக்கைச் சென்னைக்குக் கொண்டுவந்ததும் அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கம்தான். 1920இல் சென்னை எஸ்பிளனேடில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணும் அளவு மாணவர்கள், சின்ன இடம். பின்னர் அது கல்லூரியாக வளர்ந்து, அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையை ஒட்டிய பெரிய வளாகத்துக்குப் போனது. சைதாப்பேட்டை அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு தாலுகா. காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அதே மாவட்டம். ஆகவே தமிழ்நாட்டு உடற்கல்வி ஆசிரியரின் வரலாறு ஒருவகையில் இந்தச் சீமைக்கு உள்ளூர் வரலாறுதான்.

பக் செய்தவற்றில் முக்கியமானது மைதானத்தைப் பாடமாக்கியது என்று சொல்வேன். உடற்கூறியல், உடலியங்கியல், கற்பிக்கும் முறை, போட்டி நடத்தும் முறை எல்லாவற்றையும் படித்து, தேர்வெழுதித் தேறியவர்தான் விசிலை எடுக்கலாம் என்றார். மாகாண அரசின் உடற்கல்வி ஆலோசகராகவும் இருந்ததால் அவருடைய கருத்துகள் கல்லூரி மதிலைத் தாண்டி அரசாணைகளுக்குள்ளும் போயின. ‘வியாயாம்’ என்ற இதழை நடத்தினார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல், பல பதிப்புகள் கண்டு, உடற்கல்வி ஆசிரியர்களின் கைப்புத்தகமாக நெடுங்காலம் இருந்தது. வாலிபால் ஆட்டத்தில் தகராறு வந்தால் சத்தம் போட்டுத் தீர்க்காமல் பக்கத்தைப் புரட்டித் தீர்க்கலாம் என்பதே அன்று புதுமை.

அதே ஆள் பயிற்சியாளரும்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை ஆயத்தம் செய்து, மேலாளராக உடன் சென்றவர் பக். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய சி.கே. லட்சுமணன் அந்த அணியில் இருந்தார். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. தோராப்ஜி டாடா தலைவர், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஏ.ஜி. நோரன் செயலாளர். வகுப்பறையில் உடலியங்கியல் நடத்தியவரே ஒலிம்பிக் அணியையும் கூட்டிச் சென்றார் என்பது அந்தக் காலத்துக்கு இயல்பாக இருந்தது. இந்த இரட்டைச் சுமை அவருடைய மாணவர்கள் வழியே நாடெங்கும் பரவியது. சென்னையில் பயின்ற பி.எம். ஜோசப், 1938இல் பம்பாய் காந்திவலியில் தொடங்கிய பயிற்சி நிறுவனத்துக்கும், 1957இல் குவாலியரில் தொடங்கிய லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரிக்கும் முதல்வரானார். பக் 1943இல் மறைந்தார். காரைக்குடியிலும் கோவை பெரியநாயக்கன்பாளையத்திலும் உடற்கல்விக் கல்லூரிகள் பிறகு எழுந்தன.

பிரிவினை 1961இல் வந்தது. அவ்வாண்டு பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. தியான்சந்த் அங்கே ஹாக்கி பயிற்றுவித்தார். ‘என்.ஐ.எஸ்.’ டிப்ளமா பெற்றவர் பயிற்சியாளர், பி.பி.எட்., எம்.பி.எட். பெற்றவர் ஆசிரியர் என்று இரண்டு பாதைகள் ஆயின. உயர்நிலைப் போட்டிக்கு இது அவசியம்தான். ஈட்டி எறிதலின் நுட்பத்தையும் நானூறு மாணவரின் உடல்நலத்தையும் ஒரே ஆள் ஒரே மாலையில் கவனிக்க முடியாது. ஆனால் அதன் பக்கவிளைவாக, கல்லூரி இயக்குநர் முழு ஆசிரியரும் இல்லை, முழுப் பயிற்சியாளரும் இல்லை என்ற நிலை வந்தது.

அந்தக் குழப்பம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆந்திரப் பிரதேச வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கு ஓய்வு வயது 60, மற்றவர்களுக்கு 58. உடற்கல்வி இயக்குநர் எந்தப் பக்கம்? 1997இல் நீதிமன்றம் அவர் ஆசிரியரே என்றது. விளையாட்டின் விதிகளையும் திறன்களையும் சொல்லித்தருவது கற்பித்தல்தான், அது நான்கு சுவருக்குள் நடக்க வேண்டியதில்லை, கல்லூரி நேரத்துக்கு முன்னும் பின்னும் நடக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். பக் 1920இல் தொடங்கிய வாதத்துக்கு 77 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த முத்திரை இது.

கிராமப்புறக் கல்லூரி ஒன்றில் ‘பி.டி. சார்’ எனப்படுபவரின் வேலையை அருகில் பார்த்தால் இந்த வாதமெல்லாம் கொஞ்சம் தூரத்தில் நிற்கும். உத்திரமேரூர்ப் பக்கம் பெரும்பாலும் ஒரே ஆள்தான். மானாம்பதி, சாலவாக்கம், களியாம்பூண்டி என்று சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குக் காலையில் பயிற்சி கொடுப்பதா, மாலையிலா என்பதைப் பஸ் நேரமே முடிவு செய்யும். கடைசி பஸ்ஸை விட்டால் பெண்பிள்ளைகள் வீடு போக முடியாது. அதனால் மாலைப் பயிற்சி பலருக்குச் சாத்தியமே இல்லை.

விளையாட்டு விழா நெருங்கும்போது தடகளப் பாதை போடுவதும் இவர்தான். நானூறு மீட்டர் பாதைக்கு வளைவின் ஆரம் 36.50 மீட்டர், நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். ஓட்டக்காரர் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஓடுவதாக வைத்துத்தான் கணக்கு சரியாக 400 வரும். நடுவில் முளையடித்து, கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூள் தூவிக்கொண்டே சுற்றி வர வேண்டும். நானூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவது லேனில் நிற்பவர் 7.04 மீட்டர் முன்னால் தொடங்குவார். அதில் ஒரு ஜாண் பிசகினாலும் முடிவு மாறும். இதற்கெல்லாம் ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். கபடிக்கு 13க்கு 10 மீட்டர் போதும், வாலிபாலுக்கு 18க்கு 9. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கபடியிலும் வாலிபாலிலும் தேறுவதற்கு மரபு மட்டும் காரணமல்ல, நிலமும் காரணம்.

இவருடைய உழைப்பை நிர்வாகம் அளப்பது ஏ.எல். முதலியார் தடகளப் போட்டி போன்றவற்றில் வரும் பதக்கங்களை வைத்துத்தான். பக் வகுத்த கொள்கை வேறு: எல்லா மாணவரும் ஆட வேண்டும். பதக்கம் கேட்கும் கல்லூரி ஏற்கெனவே ஆடத் தெரிந்தவனை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் தேடும். ஆடத் தெரியாத முந்நூறு பேர் பார்வையாளர்களாகவே பட்டம் வாங்கிப் போவார்கள். இதை அந்த ஒற்றை இயக்குநரின் குறை என்று எழுதுவது அநியாயம். அவருக்குக் கொடுக்கப்பட்ட அளவுகோல் அது.

2004இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தமிழ்நாடு உடற்கல்வியியல், விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவாகி மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. அவ்வூர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். 2019 மாவட்டப் பிரிப்புக்குப் பின் செங்கல்பட்டு மாவட்டம். மாநிலத்தின் உடற்கல்விக் கல்லூரிகள் இன்று அதன் கீழ் வருகின்றன, எம்.பி.எட். பட்டமும் விளையாட்டுப் பயிற்சிக்கான படிப்புகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. 1961இல் பிரிந்த பாதைகள் பாடத்திட்டத்தில் மறுபடி அருகருகே வந்திருக்கின்றன. நியமன விதிகளும் பணியிட எண்ணிக்கையும் இன்னும் அங்கு வந்து சேரவில்லை.