இலக்கத் தகட்டில் ஓர் எழுத்து

ஜேர்மனியில் முப்பது வயதைக் கடந்த காருக்குத் தனி மரியாதை உண்டு. பிறந்தபோது இருந்த கோலத்துக்கு நெருக்கமாக அது பேணப்பட்டிருக்கிறது என்று பரிசோதகர் ஒருவர் எழுதிக் கொடுத்தால், இலக்கத் தகட்டின் கடைசியில் 'எச்' என்ற எழுத்தைப் பொறித்துக்கொள்ளலாம். 'வரலாற்றுக்குரியது' என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து அது. இந்த ஏற்பாடு 1997 இல் நடைமுறைக்கு வந்தது. அந்த எழுத்தைப் பெற்ற கார், என்ஜின் எவ்வளவு பெரிதாயினும், வருடத்துக்கு 191.73 யூரோ வரி கட்டினால் போதும். புகைக் கட்டுப்பாடு உள்ள நகரப் பகுதிகளுக்குள்ளும் தடையின்றிப் போய்வரலாம்.

உணவக வேலை முடிந்து நள்ளிரவு ரயிலில் திரும்பும் நம்மில் சிலர், இருக்கையில் எவரோ விட்டுப்போன பழங்கார் விற்பனை இதழ்களைப் புரட்டுவதுண்டு. அந்த விளம்பரங்களுக்கென்று ஒரு மொழி இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை தரம் போட்டிருப்பார்கள். முதல் உரிமையாளர் யார், சட்டக இலக்கமும் என்ஜின் இலக்கமும் பதிவோடு பொருந்துகின்றனவா, மேற்பூச்சு தொழிற்சாலையில் அடித்ததுதானா என்றெல்லாம் சொல்லப்பட்டிருக்கும். 'பத்திரங்கள் பூரணமாக உள்ளன' என்ற வரியில் அகதியின் கண் சற்று நிற்கத்தான் செய்யும். பழைய இரும்பும் பத்திரம் இருந்தால்தான் வரலாறு ஆகிறது.

அந்த இதழ்களில் நமக்கு நன்கு பழகிய முகமொன்றும் தென்படும். உருண்டைக் கண்களும் புடைத்த கன்னங்களுமாக, மொறிஸ் மைனர்.

அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1906 இல் ஸ்மிர்னாவில், இன்றைய இஸ்மிரில் பிறந்த கிரேக்கர். 1922 இல் துருக்கியப் படை நகரைக் கைப்பற்றியது. நகரம் எரிந்தது. துறைமுகத்தில் மக்கள் கப்பலுக்காக முண்டியடித்தனர். தந்தையிடம் பிரித்தானியக் குடியுரிமை இருந்ததால் அந்தக் குடும்பத்தைப் பிரித்தானியர் மோல்ற்றாவுக்கு ஏற்றிச் சென்றனர். தந்தை அங்கேயே இறந்தார். தாயும் மகனும் இங்கிலாந்தில் குடியேறினர். பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர் அந்த மகன். ஆங்கிலேயத்தனத்தின் அடையாளம் என்று ஆங்கிலேயர் இன்றும் கொண்டாடும் கார், அகதியாக வந்திறங்கிய ஒருவரின் கையில் பிறந்தது.

1948 இல் லண்டன் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. அதற்குச் சிறிது முன்னர்தான், கார் ஒடுங்கித் தெரிகிறது என்று மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்திருந்தார் இஸிகோனிஸ். மூடியின் நடுவே ஓடும் தட்டைப் பட்டி அந்த அறுவையின் வடு. 1971 வரை பதின்மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மைனர்கள் செய்யப்பட்டன.

அந்தக் காலத்து என்ஜின்களைப் பற்றி ஒரு விடயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் பெற்றோல் 1950 வரை பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தது. கிடைத்ததும் 1953 வரை தரம் குறைந்த ஒரே வகைப் பெற்றோல்தான். ஆகவே அந்த மட்டமான எரிபொருளிலும் தட்டாமல் ஓடும்படி, குறைந்த அமுக்கத்தில் இயங்கும் என்ஜின்களையே மொறிஸ், ஒஸ்ரின் கார்களுக்குப் பூட்டினார்கள்.

இந்தக் கார்கள் இலங்கைக்கு வந்து வாடகைக் காராகவும் வாத்தியாரின் காராகவும் டொக்டரின் காராகவும் ஓடின. 1960 களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் கதவு திறக்கும் வரை, இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. பழங்கார் பேணல் அங்கே பொழுதுபோக்காக அல்ல, தட்டுப்பாட்டில்தான் தொடங்கியது.

அந்தக் கார்களின் தகட்டிலும் ஓர் எழுத்து ஏறியது. 1957 இல் ஆங்கில எழுத்துக்களுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் அதை மறுத்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதி ஓடினர். 1958 இல் சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது அந்த எழுத்துக்குத் தார் பூசப்பட்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் மாதத்தில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதத்தில் கலவரம் வெடித்தது. சேகரிப்போருக்கு அந்தத் தகடு காரின் வயதைக் காட்டும் அடையாளம். நமக்கு அதன்மேல் பூசிய தாரும் ஓர் ஆவணம்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நின்றது. பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. அப்போதுதான் வீட்டுக் கொட்டிலில் கிடந்த ஒஸ்ரினும் மொறிசும் மீண்டும் வீதிக்கு வந்தன. சில துளி பெற்றோல் ஊற்றி என்ஜினைக் கிளப்பி, அது சூடேறியதும் குழாயை மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் இந்த ஒழுங்கு. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணீராகும், பின்னால் வெண்புகை கக்கும். ஆயினும் ஓடியது. அமுக்கம் கூடிய புதிய யப்பான் கார்கள் இந்தச் சீவியத்துக்கு ஒத்துவரவில்லை. ஒரு போரின் தட்டுப்பாட்டுக்கென்று செய்த என்ஜின், நாற்பது வருடம் கழித்து வேறொரு போரின் தடையைத் தாங்கி, பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குச் சுமந்தது.

இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சொல்லலாம். ஆனால் அதே வருடத்தின் வேறொரு பக்கமும் இதனோடு சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் இரும்புக் கடையும் பழைய இரும்பு வியாபாரமும் நடத்தியவர்களில் முஸ்லிம்கள் பலர். 1990 ஒக்டோபர் 30 இல் விடுதலைப் புலிகள் அவர்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சொத்தை விட்டுப் போனார்கள். தடைக்காலத்தில் நம்மவர் கைவண்ணத்தால் கார் ஓடிய கதையைச் சொல்லும்போது, அந்த ஊரில் ஆணியும் சுரையும் விற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாது விட்டால் அது தேய்த்து மினுக்கிய கதை.

அந்த மண்ணெண்ணெய்க் கார்களில் ஒன்றை இன்று இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் 'எச்' கிடைப்பது கடினம். யப்பான் என்ஜின் மாறியிருக்கும். கதவு வேறொரு காரின் கதவாக இருக்கும். பத்திரங்கள் 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் ஊர் காலியானபோது தொலைந்திருக்கும். பரிசோதகர் தலையசைத்து, இது அசல் அல்ல என்பார். சட்டப்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் வரலாறு அந்த மாற்றங்களில்தான் இருக்கிறது. எந்த வருடம் எந்தப் பாகம் ஏன் மாறியது என்று எழுதி வைத்தால், அது ஒரு சமூகத்தின் நாட்குறிப்பு.

பழங்கார் உலகத்திலும் அண்மைக் காலமாக ரசனை மாறியிருக்கிறது. புத்தம்புதிதாய்ப் பூச்சடித்த காரைவிட, கீறலும் மங்கலும் அப்படியே உள்ள காரைத் தேடி அதிக விலை கொடுப்போர் இருக்கிறார்கள். ஒரு காரைப் பல தடவை பூச்சடிக்கலாம், அசலாக அது ஒரு தடவைதான் இருக்க முடியும் என்பது அவர்களின் நியாயம். ஊரை நினைவிலிருந்து எழுதும் நமக்கும் அந்த நியாயம் பொருந்தும். கராஜ்களில் ஒயில் படிந்த கைகளோடு நின்றவர்கள் வயதாகிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் சிலர் இந்த நகரங்களிலேயே நம்மோடு கோப்பை கழுவியவர்கள். எந்த என்ஜினை எதற்கு மாற்றினீர்கள், சாமானை எந்தக் கடையில் வாங்கினீர்கள், அந்தக் கடைக்காரர் இப்போது எங்கே என்று அவர்களிடம் கேட்டு, கீறலோடும் தாரோடும் எழுதி வைப்போம்.