வாணலி எண்ணெயும் டீசல் எந்திரமும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 10ஆம் நாள் உலக உயிர் எரிபொருள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1893ஆம் ஆண்டில் அந்நாளில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், ருடால்ஃப் டீசல் தம் எந்திரத்தைக் கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டினார் என்பது மேடைகளில் நாம் கேட்கும் செய்தி. கேட்க இனியதுதான், ஆயின் உண்மை வேறு. அன்று எந்திரத்தினுட் செலுத்தப்பட்டது பெட்ரோலே. அது வெடித்து, அழுத்தம் அளக்கும் கருவியைச் சிதறடித்தது. எந்திரம் செம்மையாக இயங்கியது 1897ஆம் ஆண்டிலேதான்.

கடலை எண்ணெய் இவ்வரலாற்றினுள் நுழைவது 1900ஆம் ஆண்டின் பாரிஸ் பொருட்காட்சியில். பிரெஞ்சு அரசினரின் விருப்பத்திற்கிணங்க ஒட்டோ நிறுவனம் சிறிய டீசல் எந்திரமொன்றை அவ்வெண்ணெயால் இயக்கிக் காட்டிற்று. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மிகுதியாக விளைந்தது. ஆங்காங்கே விளைவதைக் கொண்டே எந்திரங்களை ஓட்டலாமே என்பது அவ்வரசினரின் எண்ணம். டீசலே 1912இல் இதனை எடுத்துரைத்தார். மறு ஆண்டு, கப்பற் பயணத்தின்போது அவர் கடலில் மறைந்தார். அவர் பெயரோ எந்திரத்திற்கும் எண்ணெய்க்கும் பொதுப் பெயராகி நிலைத்துவிட்டது. அதனைத் தமிழாக்க முற்படுவது வீண் வேலை என்பது எம் தொழில் எமக்குக் கற்பித்த பாடம்.

எந்திரம் தாவர எண்ணெயால் ஓடும் என்பதில் ஐயமில்லை. நெடுநாள் ஓடுமா என்பதே வினா. டீசலினும் பத்து மடங்கிற்கு மேல் தடித்தது தாவர எண்ணெய். அது நுண்ணிய துளிகளாகச் சிதறாமல், அரைகுறையாக எரிந்து, கரியாகப் படியும். இதற்கு 1937இல் பிரஸ்ஸெல்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஷவான் என்பவர் வழி கண்டு காப்புரிமை பெற்றார். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பமிலங்களைக் கிளிசரின் ஒன்றாகப் பிணைத்து நிற்கிறது. அக்கிளிசரினை விலக்கி அவ்விடத்தில் ஆல்கஹாலைச் சேர்த்தால் எண்ணெய் இளகிவிடும். காங்கோ நாட்டுச் செம்பனை எண்ணெயை இவ்வாறு மாற்றி, 1938இல் பிரஸ்ஸெல்ஸுக்கும் லூவெனுக்குமிடையே பேருந்து ஒன்றை ஓட்டினர்.

போர்க்காலத்தில் இந்திய எண்ணெய் வித்துக்களின் எண்ணெயையும் டீசல் எந்திரத்தில் சோதித்தனர். அவ்வாராய்ச்சி 1942இல் வெளியாயிற்று. போர் ஓய்ந்தது, பெட்ரோலியம் மலிந்தது, யாவும் மறக்கப்பட்டன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியே உலகிற்கு மீண்டும் நினைவூட்டியது. நம் நாட்டிலோ 2003இல் திட்டக் குழுவின் அறிக்கை காட்டாமணக்கின்மீது பெருநம்பிக்கை வைத்தது. 2009ஆம் ஆண்டுக் கொள்கை, 2017க்குள் டீசலில் நூற்றுக்கு இருபது பங்கு கலக்க வேண்டுமென்றது. தரிசு நிலத்தில் நீரின்றி உயிர் வாழும் செடி, நீரின்றி மிகுதியாகக் காய்க்கவும் வேண்டுமென்று எதிர்பார்த்ததே பிழை. 2017இல் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

ஆகவே நோக்கு வாணலியின் பக்கம் திரும்பிற்று. பொரித்துக் கழித்த எண்ணெயிலிருந்து எரிபொருள் செய்யும் முறை எளியது போலத் தோன்றும். அயல்நாடுகளில் வீட்டுக் கொட்டகையிலேயே செய்வோர் பலர். எண்ணெயை வடிகட்டிக் காய்ச்சி நீரைப் போக்குவர். அதில் ஐந்திலொரு பங்கு மெத்தனாலில் எரிசோடாவைக் கரைத்து, இளஞ்சூட்டில் எண்ணெயுடன் கலக்கி, ஓர் இரவு தெளிய விடுவர். கருத்த கிளிசரின் அடியில் தங்கும். புதிய எண்ணெய்க்கு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிராம் எரிசோடா போதும். பழைய எண்ணெயிலோ அமிலம் ஏறியிருக்கும். அதனை அளந்தறியாமல் கைம்மதிப்பாகப் போட்டால் கிடைப்பது எரிபொருளன்று, சவர்க்காரக் கூழ்! மேலே நிற்பதை நீரால் மெல்லக் கழுவி, ஈரம் போக்கினால் பொன்னிறமாகத் தெளியும்.

தெளிவு ஒன்றே தகுதியாகாது. நீரும் சவர்க்காரமும் நீங்கின என்பதையே அது காட்டும். மாறாத எண்ணெய் உள்ளே கலந்திருப்பினும் கண்ணுக்குப் புலப்படாது. ஒரு பங்கு எரிபொருளை ஒன்பது பங்கு மெத்தனாலில் ஊற்றினால், மாறியது கரையும். மாறாதது அடியில் துளியாய் நிற்கும். மெத்தனாலின் ஆவியும் நஞ்சு. பகலில் அதன் சுடரும் புலப்படாது. அதனை வாங்கவும் வைத்திருக்கவும் நம் நாட்டில் சட்டக் கட்டுப்பாடு உண்டு. அடுப்பெரியும் சமையலறையில் இவ்வேலை கூடவே கூடாது.

இனி, அப்பழைய எண்ணெய் எங்கே போகிறது? மேலை நாடுகளில் அதனைச் சாக்கடையில் கொட்டாமல் காப்பதே கவலை. இங்கோ கொட்டுவார் குறைவு. பெரிய உணவு விடுதியில் கழித்த எண்ணெய் சிறிய தெருக்கடைக்கு விலை போகிறது. அங்கே மறுபடியும் கொதித்து, நாட்கூலிக்காரரின் வடையிலும் பக்கோடாவிலும் ஏறுகிறது. மீண்டும் மீண்டும் சுட்ட எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள் பெருகும். அவை நூற்றுக்கு 25 பங்கைக் கடந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. 2018 ஜூலை முதல் நாள் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே அவ்வெண்ணெயைத் திரட்டி எரிபொருளாக்கும் திட்டத்தையும் தொடங்கிற்று. 2019இல் அரசுத் துறை எண்ணெய் நிறுவனங்கள் நூறு நகரங்களில் அவ்வெரிபொருளை வாங்க முன்வந்தன. எனினும், திரட்ட வருபவர் தரும் விலை தெருக்கடைக்காரர் தரும் விலையினும் மிகுந்தாலொழிய, விடுதியின் பின்வாசலில் நிற்கும் எண்ணெய்த் தகரம் அவர் வண்டியில் ஏறுவதில்லை.