செம்பூர் வழியாக வந்த மானியம்

மும்பையின் செம்பூரில் 2014-ல் மோனோரயில் ஓடத் தொடங்கியபோது நிலையம் ஒன்றுக்கு ‘ஃபெர்டிலைசர் டவுன்ஷிப்’ என்று பெயர் வைத்தார்கள். உரத்துக்கும் மும்பைக்கும் என்ன உறவு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஏர் பூட்ட இடமில்லாத இந்த வட்டாரத்தின் உர ஆலைக்குத்தான் விவசாயிகளின் பெயரால் அரசுப் பணம் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது.

ஐம்பதுகளில் இங்கே இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. மூலப்பொருள் பக்கத்திலேயே கிடைத்ததால், இந்திய உரக் கழகம் 1965-ல் இங்குள்ள டிராம்பே ஆலையில் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது மத்திய வேளாண் அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். அவர் வரவழைத்த குட்டை ரகக் கோதுமை விளைய, உரம் நிறைய வேண்டியிருந்தது. 1978-ல் கழகம் பிரிக்கப்பட்டு, டிராம்பே ஆலை ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்திடம் வந்தது. ‘சுபலா’, ‘உஜ்வலா’ மூட்டைகள் அதன் பெயர் சொன்னவை.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. மறு ஆண்டே யூரியா விலை ஏறக்குறைய இரட்டித்தது. விவசாயிகள் உரம் போடுவதைக் குறைத்தார்கள். உணவுக்குக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாட்கள் அரசுக்கு மறக்கவில்லை. உர விலையை ஆராய்ந்த மராத்தே குழுவின் பரிந்துரைப்படி 1977 நவம்பர் 1 முதல் புதிய ஏற்பாடு வந்தது. ஒவ்வோர் ஆலைக்கும் அதனதன் செலவைக் கணக்கிட்டு, நிகர மதிப்பின் மேல் வரி போக 12 சதவீத ஆதாயமும் சேர்த்து ஒரு விலை. விவசாயி கொடுப்பது போக மீதியை அரசு ஆலைக்குக் கட்டும்.

அதனால் புதிய ஆலைகள் பெருகின, உரம் தட்டில்லாமல் கிடைத்தது. ஆனால் சிக்கனமாக நடத்திய ஆலைக்கும் ஊதாரித்தனமாக நடத்திய ஆலைக்கும் லாபம் உறுதி என்றானது. மானியம் என்ற சொல்லைக் கேட்ட விவசாயி அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார். நாடாளுமன்றம் கொந்தளிக்க, அது 30 ஆனது. சிறு, குறு விவசாயிகளுக்குப் பழைய விலையே என்றும் சொன்னார்கள். ஆனால் கடை வாசலில் யார் சிறு விவசாயி என்று பிரித்துப் பார்ப்பது எளிதாக இல்லை. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாடு நீங்கியது. தழைச்சத்து தரும் யூரியா மட்டும் மலிவாகவே நின்றது. பயிர் பளிச்சென்று பச்சை கட்டுவதைப் பார்த்த விவசாயி யூரியாவையே அள்ளிப் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. விலை அப்படி வழிகாட்டியது. மண்தான் அடிவாங்கியது.

2018 வரை, உரம் மாவட்டத்துக்கு வந்து இறங்கியதுமே மானியத்தின் பெரும்பகுதி நிறுவனத்துக்குப் போய்விடும். இப்போது சொசைட்டியிலோ கடையிலோ விவசாயி பி.ஓ.எஸ். கருவியில் விரல் வைத்து வாங்கிய பிறகுதான் பணம் நகர்கிறது. 45 கிலோ வேம்பு பூசிய யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2022-23-ல் நாடு முழுக்க உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது.

இதை நிறுத்திவிட்டு ரொக்கமாகக் கொடுக்கலாமே என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் அப்படித்தான்: ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேரே வங்கிக் கணக்கில். நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையில் குத்தகைக்கு உழுகிறவருக்கு அதில் இடமில்லை. உர மூட்டை பொதுவாகப் பட்டா கேட்டதில்லை. எத்தனை குறை இருந்தாலும், செம்பூர் வழியாகச் சுற்றி வந்த மானியம் குத்தகைக்காரரின் வயலுக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது கருவி கேட்பது ஆதாரும் கைரேகையும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த கட்டைவிரலை அது சில நேரம் ஏற்பதில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்கள். பிறகு அடுத்த விரல்.