ஈர நிலக்கரியும் நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையமும்

விடுதலைக்குப் பிந்தைய சென்னை மாநிலத்தின் மின்சாரம் பெரிதும் மழையை நம்பியிருந்தது. பருவமழை பொய்த்த ஆண்டுகளில் பைக்காரா, மேட்டூர் நீர்மின் நிலையங்கள் தளர்ந்தன. அனல் மின்சாரத்துக்கு வேண்டிய நிலக்கரியோ வங்காள, பிகார் சுரங்கங்களிலிருந்து வர வேண்டியிருந்தது. ஆகவே, 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருள் பழுப்பு நிலக்கரி எனத் தெரியவந்தது மாநிலத்துக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. 1956இல் அதற்கென அரசு நிறுவனம் அமைய, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார்.

நெய்வேலியின் உண்மையான சிக்கல் நீரே. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் தேங்கியிருக்கும் ஊற்றுநீர், மேல்மண்ணை அகற்றியவுடன் படுகையையே பெயர்த்துக்கொண்டு சுரங்கத்தினுள் பொங்கிவிடும் என்பதால், சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் இட்டு, இரவுபகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பின்னரே அகழ்வு நடந்தது. மேல்மண்ணும் எளிதில் இணங்கவில்லை. சக்கர விளிம்பில் வாளிகள் பொருத்திய ஜெர்மன் தோண்டும் இயந்திரங்களின் பற்களைக் கடலூர் மணற்பாறை விரைவில் தேய்த்துவிட்டமையால், வெடிவைத்து அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது.

வெட்டியெடுத்த கரியிலும் ஏறத்தாழப் பாதி எடை ஈரமாக இருந்தது. கருநிலக்கரிக்கென வடிவமைத்த கொதிகலன், அதாவது நீரை உயரழுத்த நீராவியாக்கும் கலன், இதற்குப் பொருந்தாது. பழுப்பு நிலக்கரிக் கொதிகலனில் உலையின் சூடான புகைவளியின் ஒரு பகுதி அரவை இயந்திரத்துக்கே திருப்பப்பட்டு, கரி அங்கே உலர்ந்தபடியே பொடியாகி உலையினுள் வீசப்படும். வெப்பத்தின் கணிசமான பங்கு ஈரத்தைப் போக்குவதிலேயே செலவாவதால், அதே மின்சாரத்துக்குக் கூடுதல் கரியும் பெரிய உலையும் தேவைப்படும். சோவியத் உதவியுடன் எழுந்த நிலையத்தில் 50 மெகாவாட் திறனுள்ள முதல் அலகு, அதாவது நீராவிச் சுழலியும் மின்னாக்கியும் இணைந்த தொகுதி, 1962இல் இயங்கியது. 1970க்குள் 50 மெகாவாட் அலகுகள் ஆறும் 100 மெகாவாட் அலகுகள் மூன்றுமாக மொத்தத் திறன் 600 மெகாவாட்டை எட்டியது.

நிலம் கொடுத்துப் பெயர்ந்த ஊர்களைப் பற்றிய பதிவுகள் இயந்திரங்களைப் பற்றியவற்றைவிட மெலிந்தே உள்ளன. அந்த முதல் நிலையம் 2020 செப்டம்பர் இறுதியில் மூடப்பட்டது. எனினும் பிற நிலையங்களுக்குக் கரி வேண்டியிருப்பதால் சுரங்கங்களின் நீரிறைப்பு தொடர்கிறது, நிலத்தடி நீர் இறங்கிப்போனதென்னும் சுற்றுவட்டார உழவர்களின் முறையீடும் அவ்வாறே தொடர்கிறது.