7805 மின்னழுத்தச் சீராக்கி

ஏறி இறங்கும் நேர்திசை மின்னழுத்தத்தை வாங்கி, மாறாத 5 வோல்ட்டாகத் தரும் மூன்று கால் ஐ.சி. உள்ளீடு, தரை, வெளியீடு என்பவை அதன் கால்கள். உள்ளே நிலையான ஒப்பீட்டு மின்னழுத்தம் ஒன்று உண்டு. வெளியீட்டின் ஒரு பங்கை அதனோடு ஒப்பிடும் பெருக்கி, வேறுபாட்டுக்கு ஏற்ப, மின்னோட்டம் கடக்கும் டிரான்சிஸ்டரைத் தளர்த்தியும் இறுக்கியும் வெளியீட்டை நிலைநிறுத்துகிறது.

உள்ளீடு வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக இருந்தாக வேண்டும். மின்மாற்றியும் டையோடுகளும் தரும் மின்சாரத்தில் அலைவு இருப்பதால், அலையின் அடிமட்டமே 7 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். சராசரியை மட்டும் அளப்பவர்கள் தவறவிடும் இடம் இது. உள்ளீட்டின் உச்ச வரம்பு 35 வோல்ட். ஆனால் நடைமுறையில் வெப்பமே முதலில் குறுக்கே நிற்கும். 12 வோல்ட் கொடுத்து 1 ஆம்பியர் எடுத்தால் பயன்படுவது 5 வாட், சூடாக வீணாவது 7 வாட். வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடு இல்லாமல் இதைத் தாங்காது. சூடு மிகுந்தால் உட்பாதுகாப்பு மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இத்தனை இடைவெளி உள்ள இடத்துக்கு சுவிட்சிங் வகைச் சீராக்கியே தகுந்தது.

உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளைக் கால்களை ஒட்டியே வைப்பது வழக்கம். எதிர்மறை 5 வோல்ட்டுக்கு 7905 உண்டு; அதன் கால் வரிசை வேறு.